காட்ட வேண்டாம்

யாழ்ப்பாண நகரில் நான் வேலை செய்யும் மென்பொருள் ஒப்பிஸுக்கு, வரன் தேடிக் கொடுக்கும் ஒரு கலியாணப் பதிவு நிலையத்தின் இணையத்தளம் வேலையாக வந்தது. எனக்கு வயது முப்பத்துநாலு, இன்னும் கலியாணம் கட்டவில்லை. அந்த வேலை என் தலையில் விழுவதற்கு இதைவிட வேறு தகுதி வேண்டுமா? கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கிழமையாகச் சிரிப்பு அடங்கவில்லை.

வேலை பெரிதல்ல. டேட்டாபேஸில் தேடினால் ஒவ்வொரு ஆளும் ஒரு ஒப்ஜெக்டாக, விவரம் எல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரு பொட்டலம் போல, வருவார். இணையப்பக்கம் அதை அப்படியே வாங்காது. பெயர், வயது, நட்சத்திரம் என்று தலைப்பும் அதற்குரிய விடையுமாகப் பிரித்து, டிக்ஷனரி என்று நாங்கள் சொல்லும் பட்டியலாக மாற்றிக் கொடுக்கவேண்டும். எந்தத் தலைப்பு வெளியே போகலாம் என்று ஒவ்வொன்றாக எழுதுவதுதான் முறை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உள்ளே கிடப்பவை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும்படி நாலு வரி எழுதினேன்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, விவரம் முழுதும் எனக்குத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். நாலு வருடத்துக்கு முன் எனக்கு மாப்பிள்ளை தேடி அம்மா அதே நிலையத்தில் என்னைப் பதிந்திருந்தார். என் பதிவு எண்ணையே கொடுத்தேன்.

பெயர், உயரம், நட்சத்திரம் எல்லாம் சரி. நிலையத்தார் மட்டும் பார்க்கும் இரண்டு தலைப்புகளும் கூடவே வந்து விழுந்தன. பிறருக்குக் காட்டுவதா: இல்லை. குறிப்பு: தாயார் கேட்டபடி நிறுத்தி வைத்திருக்கிறது. அதிலிருந்த திகதிப்படி, பதிந்த இரண்டாம் மாதமே எழுதிய குறிப்பு.

எட்டில் செவ்வாய், அதுதான் ஒன்றும் பொருந்துகிறதில்லை என்று நாலு வருடமாக அம்மா பெருமூச்சு விட, செவ்வாய்க்கிழமை தவறாமல் விரதம் பிடித்தவள் நான். கதிரையில் இருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. டிக்ஷனரியில் அந்த ‘இல்லை’யை ‘ஓம்’ என்று மாற்றினேன். ஆனால் டிக்ஷனரி வெறும் நகல். அதில் எதை மாற்றினாலும் டேட்டாபேஸுக்குப் போய்ச் சேராது. புரோகிராமை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினேன். பழையபடி ‘இல்லை’.

உண்மையாகவே மாற்ற இன்னும் இரண்டு வரி போதும். எழுதவில்லை. முதலில் அம்மாவிடம் கேட்கவேண்டும் போல் இருந்தது. அந்த இரண்டு தலைப்பும் இனி வெளியே வராதபடி தடுத்துவிட்டு, நீர்வேலியில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். என்னென்ன சொல்லிக் கத்துவது என்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போனேன்.

அம்மா முற்றத்தில் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றார். அப்பா தவறிவிட்டார், அண்ணை கனடாவில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்டதைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன்.

“ஓம், நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்,” என்றார். “வந்த ரண்டும் லண்டன் மாப்பிள்ளையள். நீயும் போனால் நான் ஆரோடை இருக்கிறது?”

சேர்த்து வைத்த கத்தலை அப்படியே விட்டு, கொடியில் மிஞ்சியிருந்த உடுப்பை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா என் சட்டை ஒன்றை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“நீ அதை மாத்திப்போட்டியோ?”

இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டபடி குசினிக்குள் போனார். அந்த நிம்மதியைக் கண்ணால் கண்ட பிறகு, இனி அந்த ‘இல்லை’யை என்னால் மாற்ற முடியாது என்று எனக்கு விளங்கியது.