அடைப்பிலிருந்து விழுந்த துண்டு

தொண்ணூறுகளில் மைசூர் விஜயநகரில் எங்கள் தெருமுனையில்தான் அந்தப் பல் டாக்டரம்மாவின் கிளினிக். குள்ளமான உருவம், காதோர நரை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. வெள்ளியும் பாதரசமும் கலந்த கலவையால் சொத்தைப் பல்லை அடைப்பார். மிஞ்சிய துணுக்கைக் குப்பையில் போடவே மாட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில், தண்ணீருக்கு அடியில் போட்டு இறுக மூடுவார். பாட்டில் நிறைந்தால் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களுக்கு பெங்களூர் அனுப்புவார்.

ஒருநாள் கோடுபளே என்ற மைசூர் முறுக்கைக் கடித்ததில் என் பல்லடைப்பு பெயர்ந்து விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

“விழுந்த துண்டு எங்க சார்?” என்றார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“வாசல்ல துப்பிட்டேன் மேடம்.”

“அய்யோ, அதுல பாதரசம் இருக்கு. மழை வந்தா மோரில, சாக்கடைல போய் கெரெல, அதான் ஏரில, சேரும். அங்க மீன் பிடிக்கிறாங்க, கொத்தா, தெரியுமா?”

பல்லை மறுபடி அடைத்தார். பிறகு இடுக்கியோடு என் கூடவே கிளம்பிவிட்டார். சேலையைச் செருகிக்கொண்டு எங்கள் வாசல் செம்பருத்திக்கு அடியில் குனிந்து தேடினார். என் மனைவி திகைத்து நின்றாள். கிடைத்த துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, “இனிமே துப்பாதீங்க, கொண்டு வாங்க” என்றார்.

இப்போது சென்னையில் இருக்கிறோம். போன மாதம் இங்கே அந்தப் பல்லையே பிடுங்கிவிட்டார்கள். அடைப்போடு கேட்டு வாங்கி வந்தேன்.

“அதைத் தூக்கிப் போடுங்களேன்” என்கிறாள் மனைவி.

காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.