நகர்ந்துகொண்டே இருந்த கல்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வரைபடம் நகலெடுக்கும் வேலை. பழைய படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே மசியால் கோடு போட வேண்டும். யோசிக்க வேண்டாத வேலை என்றுதான் சேர்ந்தேன். காஞ்சிபுரத்தைக் கையில் கொடுத்தார்கள், யோசிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாமல் போயிற்று. ஒரு படத்தில் குளத்துக்கு நாலு கரை, இன்னொன்றில் மூன்று. ஒரே கோயில் இரண்டு படங்களில் இரண்டு தெருவில் நின்றது. யுகயுகமாய் அசையாத ஊர் என்று கோயிலில் சொல்கிறார்கள். என் மேஜையில் அது ஒரு நாள்கூட ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஆகவே புதிதாக அளப்பது என்று முடிவாயிற்று. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கே அலுவலகத்துச் சர்வேயர் அளவுச் சங்கிலியோடு வந்தார். தெருமுனையில் இருந்த சர்வே கல்லிலிருந்து அளந்தார். தெருவின் எல்லைக்கோடு எதிர்வீட்டு அக்காவின் தறி அறைக்குள் புகுந்து வெளியே வந்தது. அப்படியென்றால் அந்த அறை தெருவை ஆக்கிரமித்துக் கட்டியது, இடிக்க வேண்டும் என்றார். அக்காவுக்குப் புருஷன் இல்லை. அந்த ஒரு தறியை வைத்துத்தான் இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தார். அதுவும் குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வது. தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்கிற சாமானா அது?

அந்தக் கல்லை நகர்த்தியவர் என் அப்பா. சேலையில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். மரக்கட்டை நட்டால் பிடுங்கிக்கொள்ளும். அரசாங்கக் கல் அசையாதே என்று அதில் கட்டினார்கள். பாவு கோணுகிறது என்று அப்பா ஒரு காலையில் கல்லைத் தோண்டி மூன்றடி தள்ளி நட்டார். சுற்றி மண்ணை மிதித்துக் கெட்டியாக்கியவள் நான்தான்.

சொன்னால் அப்பா மேல் கேஸ். சொல்லாவிட்டால் அக்கா பிழைப்பில் மண். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சர்வேயர் இடிக்கிற இடத்தில் சுண்ணாம்புக்கோடு போட வந்தார். நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே எதிரில் போய் நின்றார்.

"கல்ல நகத்தினது நான்தான் சார். பாவு கோணிக்கினு போச்சு."

சர்வேயருக்கு முகம் சிவந்துவிட்டது. முன்பு எங்கே இருந்தது என்று அதட்டினார். அப்பா ஓரிடத்தைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே வந்து, அது இல்லை, சாமி புறப்பாட்டில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் காலில் இடிக்கிறதென்று அதற்கும் முன்பே தான் ஓரம் தள்ளிவிட்டதாகச் சொன்னார். தெருக்கோடி வீட்டுக்காரர், உங்கள் இருவருக்கும் முன்னால் எங்கள் அப்பாவே நகர்த்தியாயிற்று என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். கேஸ் போடுவதென்றால் தெருவையே கூண்டில் ஏற்ற வேண்டும். சர்வேயர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அக்காவைக் கேட்டார். அவர் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார்.

"நான் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அது நகந்துக்கினேதான் இருக்குது சார். என் மாமனாரோட தாத்தா வெட்டுன தறிக்குழி மட்டுந்தான் நகரவே இல்ல."

சர்வேயர் உள்ளே போய்க் குழியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சங்கிலியின் நுனியைக் குழியின் விளிம்பில் பிடிக்கச் சொன்னார். அங்கிருந்து தெருவை அளந்தார், கோடு அறையைத் தொடவில்லை. அடுத்த தெருவை அளந்தார், கோயில் மதில்வரை போனார்.

தறிக்குழிக்கு என்ன குறி போடுவது என்று அலுவலகத்தில் அவரைக் கேட்டேன். கல் குறியே போடு என்றார். கல் இல்லாத இடத்தில் கல் என்று வரைந்தேன். நான் வரைந்தது பொய்யா, முன்பு இருந்ததெல்லாம் பொய்யா, இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். "இனிமே என் வூட்ட அளக்க யாரும் வரமாட்டாங்களேம்மா?" என்று கேட்டார்.

"வருவாங்கக்கா. இனிமே உங்க வூட்லேர்ந்துதான் ஊரையே அளக்கணும்."