குங்குமம் வைத்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள்

எந்த வேலை முடிந்தாலும் எங்கள் நைனா வாயில் வருவது ஒன்றுதான்: “போச்சி, அவ்ளோதான்.” கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனாலும் அதுதான், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் அதுதான்.

நகரியில் அவருக்கு ஒரு டி.டி.பி. கடை. கடைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் கடை வேலை முழுவதும். மற்றதில் பழைய வீட்டு விசேஷம் ஒன்றின் போட்டோக்கள். நைனாவின் தங்கையான என் அத்தைக்குச் சத்தியவேட்டில் நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று சொல்லப்போக, இரண்டாவதை உங்களுக்கே தருகிறேன் என்று நைனா வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் போட்டோக்களை அழித்தாயிற்றா என்று அத்தை நாலு தரம் கேட்டாள். நாலு தரமும், “போச்சி, அவ்ளோதான்.”

ஆயுத பூஜையன்று டிஸ்க்கைக் கழற்றித் தர திருப்பதியிலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா வந்தார். அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். எனக்கு அன்று கால் தரையில் இல்லை. பெட்டியைத் திறந்து தூசு ஊதி, இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்தார். ஒரே கம்பெனி, ஒரே அளவு. மாறிவிடக் கூடாதென்று, கொடுக்க வேண்டியதன் மேல் பூஜைத் தட்டிலிருந்து ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வருவதற்குள் அம்மா மற்றதற்கும் வைத்துவிட்டாள்.

“ஒண்ணுக்கு வெச்சி ஒண்ண வுட்டா நல்லாவாடா கீது?” என்றாள்.

மாமா தலையில் கை வைத்துச் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தனியே மாட்டிப் பார்த்தார். எது விண்டோஸை எழுப்பியதோ அது கடை டிஸ்க். மற்றதையும் சேர்த்து மாட்டித் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

“போட்டோல்லாம் எங்க மாமா பூட்ச்சி?” என்று கேட்டேன்.

வித்தை காட்டுவதென்றால் மாமாவுக்கு வெல்லம். பென் டிரைவில் இருந்த எதையோ ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் காலி டிஸ்க்கிலிருந்து படங்கள் வரிசையாக எழுந்து வந்தன! பட்டுப்புடவையில் அத்தை. தாம்பூலத் தட்டுகள். அத்தை பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருத்தர். மஞ்சள் பாவாடையில், கையில் லட்டோடு நான். துள்ளிக் குதித்துக் கை தட்டினேன். செத்த போட்டோவெல்லாம் உயிரோடு வருகிறதென்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

சாமந்தி கட்டிக்கொண்டிருந்த அத்தை நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

“அப்ப இதெல்லாம் போவலயா?”

“உங்க அண்ணன் பொஸ்தகத்துல பொருளடக்கத்த மட்டும் கிழிச்சிகிறாரு. பக்கமெல்லாம் அப்படியே கீது.”

“யார் வோணா எடுக்கலாமா?”

“தெரிஞ்சவன் எடுப்பான்.”

அத்தை திரையில் இருந்த கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். பிறகு, “யாராலயும் எடுக்க முடியாத மாதிரி பண்ணுங்க” என்றாள்.

மாமாவின் சிரிப்பு நின்றது. ஏதாவது எடுத்து வைக்க வேண்டுமா, அப்புறம் கடவுளே வந்தாலும் கிடைக்காது என்றார். என் லட்டு போட்டோ வேண்டுமென்று நான் அடம் பிடித்தேன். அத்தை என்னை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“அது வாணாம் கண்ணு. உனக்குப் புதுப் பாவாட எடுத்துத் தரேன். இன்னா கலர் வோணா எடுத்துக்கோ. மஞ்சள் மட்டும் வாணாம்.”

புதுப் பாவாடை என்றதும் என் அழுகை நின்றது. அழிப்பது கடை டிஸ்க் இல்லையே என்று மாமா இன்னொரு தரம் சரிபார்த்தார். மேலாக மட்டும் அழிக்கும் குவிக் ஃபார்மேட் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டுத் தட்டினார். பச்சைக் கோடு ஊர்ந்தது. சுண்டல் வந்தது, பொரி வந்தது, தெருவில் ஆட்டோவுக்குப் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்கப் போய்த் திரும்பியும் வந்தேன். அத்தை மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. கோடு நிறைந்ததும், அந்த வித்தையை மறுபடி செய்து காட்டச் சொன்னாள். மாமா ஓட்டினார். ஒரு படமும் எழவில்லை.

“போச்சி, அவ்ளோதான்” என்றாள் அத்தை, நைனா குரலிலேயே. மாமாவும் அம்மாவும் சிரிக்க, அத்தையும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே எனக்குப் பச்சைப் பாவாடை வந்தது. அதைக் கட்டிக்கொண்டு அத்தையின் கல்யாணத்தில் மண்டபம் முழுக்க ஓடினேன். மணையில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சத்தியவேட்டு மாப்பிள்ளை; போட்டோவில் இருந்த கண்ணாடிக்காரர் ஏன் வரவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மஞ்சள் என்றால் அத்தைக்கு ஏன் ஆகாது என்பதுதான் வெகுநாள் வரை எனக்குப் புரியாமல் இருந்தது.