ஆக்சில் முறிந்த கல்யாணம்

திருவனந்தபுரத்தில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில், இன்று ஓர் இரும்புத் தண்டை எந்திரத்தில் மாட்டி முறுக்கினோம். அதன்மேல் நேராக வரைந்திருந்த சாக்பீஸ் கோடு திருகாணி மரைபோல் சுற்றிக்கொண்டது. பிறகு 'டக்' என்று தண்டு முறிந்தது.

எட்டு வயதில் இதே சத்தத்தைப் பொன்முடி மலைப்பாதையில் கேட்டிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். ஒரே ஜீப்பில் ஒன்பது பேர். கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் பள்ளத்தில் சிக்கியது. அப்பா ஆக்சிலரேட்டரை மிதிக்க, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் முறுக்குத் தாங்காமல் துண்டானது.

"முகூர்த்தம் போச்சுல்லா!" என்று சித்தப்பா தலையில் கைவைத்தார்.

பைக்கில் மேலே போன ஒருவரிடம் சொல்லி அனுப்பினோம். அரைமணியில் தோட்டத்து டிராக்டர் இறங்கி வந்தது. பின்னால் டிரெய்லரில் பட்டுச்சேலையோடு நின்றது கல்யாணப் பெண்ணேதான்!

"சீக்கிரம் ஏறுங்க, நேரமாச்சு" என்று கையை நீட்டினார்.

சித்தப்பா வெட்கப்பட்டுக்கொண்டே அந்தக் கையைப் பிடித்து ஏறினார்.

"கையப் பிடிக்குற சடங்கு ரோட்டுலயே முடிஞ்சாச்சு. இனி தாலி மட்டும்தான் பாக்கி" என்றாள் அம்மா. மேலே போய்ச் சேரும்வரை அத்தனை பேரும் சிரித்தோம். முகூர்த்தமும் தப்பவில்லை.

"மிஸ், தண்டு முறிஞ்சதுக்கா சிரிக்கீங்க?" என்று கேட்டாள் ஒரு மாணவி.