சும்மா கிடைத்த எழுத்து

இந்த ஜெர்மன் ஊரின் மருந்துக்கடையில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். முன்னால் நிற்பவர் பேசி முடித்து நகரும்வரை அடுத்தவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டின் அருகே 'டிஸ்க்ரெட்சியோன்' என்று எழுதியிருக்கும். அவர் என்ன நோய்க்கு மருந்து வாங்குகிறார் என்று நம் காதில் விழக் கூடாதாம். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. மீன் பதனிடும் தொழிற்சாலையிலிருந்து நேராகப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் கோட்டைக் காட்டியதும், என் உடம்பின் மீன் வாடைக்காகத்தான் தள்ளி நிற்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். தூத்துக்குடியில் மருந்துக்கடை என்றால், முன்னால் நிற்பவரின் தோளில் நம் தாடை இருக்கும். அவருடைய சீட்டை நாமும் படித்து, "இந்த மாத்திரை வயித்தப் புண்ணாக்கும் அண்ணாச்சி" என்று சொல்வதும் உண்டு.

என்னை ஒதுக்குகிறார்களோ என்ற அந்தச் சந்தேகம் என்னை விட்டு முழுதாகப் போகவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழிலேயே புதியவர்களிடம் பேசத் தயங்குவேன். ஜெர்மன் மொழியில் கேட்கவே வேண்டாம். வாரம் முழுக்கக் குளிர் அறையில் கையுறையோடு நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர் மன்றக் கூடத்தின் சமையலறையை வாடகைக்கு எடுத்து மீன்குழம்பும் சோறும் விற்கிறேன். அந்த ஒரு நாள்தான் என் கைக்கு என் இஷ்டப்படி வேலை. கூப்பிட்டு விற்க எனக்கு வாய் வராது என்று தெரிந்து, தூத்துக்குடியிலேயே இருக்கும் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு எனக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தான். அவனும் அங்கேதான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். விவரம் எல்லாம் ஜெர்மனில் இருக்கும். மேலே மட்டும் அன்றைய மீனின் பெயர் தமிழில், பெரிதாக, உருண்டையான அழகான எழுத்தில் வரும். இங்கே கிடைக்கும் ஹேரிங் மீன் நம் சாளைக்குப் பங்காளி. அதனால் நான் சாளை என்றே எழுதுவேன்.

ஒரு ஞாயிறு கூடத்தின் பொறுப்பாளர் அம்மா ஃப்ராவ் பிராண்ட் கையில் போனோடு வந்தார்.

"உங்கள் பக்கத்தைத் திறந்தேன். நான் வந்ததை அது வேறொருவரிடம் சொல்லிவிட்டது."

"நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை" என்றேன்.

"நீங்கள் இல்லை. உங்கள் எழுத்துகள்."

சம்மதம் கேட்காமல் அப்படிச் செய்வது சட்டப்படி தவறு என்றார். கூடத்தின் பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்குள் சரிசெய்யாவிட்டால் சமையலறை தர முடியாது என்றார். அவர் குரல் மென்மையாகத்தான் இருந்தது. எனக்கு அதுவே பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தை யோகா வகுப்புக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தமிழ் எழுத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சட்டத்தைச் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன்.

போனில் ஜெரால்டிடம் சொன்னதும் சிரித்தான். "அத்தான், அந்தம்மாவுக்கு ஒங்க கொழம்பு காரம். நேராச் சொல்ல வெக்கப்பட்டு எழுத்து மேல பழி போடுதா."

"ஏலே, வெளாடாத. எழுத்த எங்கன இருந்து எடுத்த?"

"அந்த ஃபான்ட ஒரு பெரிய கம்பெனிக்காரன் சும்மா குடுக்கான். ஒலகமே அங்கன இருந்துதான் எடுக்கு."

"சும்மா ஏம்ல குடுக்கான்?"

ஜெரால்டு அதைக் காதில் வாங்காமல் வேலையைத் தொடங்கினான். பக்கத்தைத் திறந்ததும் 'சம்மதமா?' என்று கேட்கிற பெட்டி ஒன்றை வைத்தான். ஃப்ராவ் பிராண்ட் தம் கணினியில் சோதித்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் பதில் சொல்வதற்கு முன்பே எழுத்துகள் வந்துவிட்டன" என்றார். சம்மதம் கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்ட விருந்தாளி மாதிரி. அப்போதுதான் ஜெரால்டு எனக்குப் புரியும்படி விளக்கினான்.

"எழுத்து நம்ம பக்கத்துல இல்ல அத்தான். பக்கத்தத் தொறக்கவனோட போனே அந்தக் கம்பெனிக்குப் போயி வாங்கிட்டு வருது. போவையில தன் நம்பரச் சொல்லித்தான் வாங்கணும். இல்லன்னா அவன் எங்க அனுப்புவான்?"

எனக்கு எங்கள் ஊரில் மீனையும் மொத்தமாக வாங்கும் ஐஸ் வியாபாரி நினைவுக்கு வந்தார். எங்கள் கரையில் தொழிலுக்குப் புறப்படுகிறவனிடம் "எங்க போற?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அன்றைக்கு வலை காலி என்பார்கள். அந்த வியாபாரியும் ஒருநாளும் கேட்டதில்லை. வள்ளத்துக்கு வேண்டிய ஐஸைத் தம் கொட்டகையிலிருந்து சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்வார். நாங்களும் நல்ல மனுசன் என்று கும்பிட்டு வாங்கினோம். யார் வந்தார்கள், எவ்வளவு ஐஸ் எடுத்தார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எத்தனை வள்ளம் கடலில் நிற்கிறது, எவ்வளவு மீன் வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் கரை சேரும்போது விலை விழுந்து கிடக்கும்.

இதை ஜெரால்டிடம் சொன்னேன். "அப்போ ஐஸ நம்ம வள்ளத்துலயே கட்டிக்கிட வேண்டியதுதான்" என்றான். அந்த எழுத்தை இறக்கி நம் இடத்திலேயே வைத்துக்கொள்ள அனுமதி உண்டாம். பக்கம் இருப்பதும் இந்த நாட்டுக் கணினியில்தானாம். திறக்கிறவர் போன் வெளியே போகவே வேண்டாம்.

"இன்னொண்ணு அத்தான். ஆளு எந்த ஊர்ல இருந்து பாக்கான்னு காட்டுற மேப்பும் வெளிய இருந்துதான் வருது. அதயும் எடுத்திரவா?"

வேலைக்குப் போகும் பேருந்தில் தினமும் அந்த மேப்பைத் திறப்பேன். இந்த ஊரைச் சுற்றிச் சில புள்ளிகள் இருக்கும். கீழே, கடலோரத்தில், தூத்துக்குடியின்மேல் ஒரே ஒரு புள்ளி; ஜெரால்டு திறப்பதை அது கணக்கில் சேர்க்காது. சமையல் இல்லாத நாளிலும் அது இருக்கும். பக்கத்தைப் பார்த்தேன் என்று ஸ்டெல்லா போனில் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"என்ன அத்தான், சத்தத்தக் காணோம்?"

"எடுத்திரு" என்றேன்.

ஞாயிறு காலை ஃப்ராவ் பிராண்ட் மறுபடியும் சோதித்தார். "நன்று. இப்போது நான் வந்தது யாருக்கும் தெரியாது" என்றார். சமையலறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஒரு தட்டு குழம்பும் வாங்கிக்கொண்டார். காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே முழுதும் சாப்பிட்டார்.

இப்போதும் சனிக்கிழமைதோறும் மீனின் பெயரைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் ஏற்றுகிறேன். இந்த ஊரில் அதைப் படிக்க ஆள் இல்லை. தூத்துக்குடியில் ஒருத்தி திறந்து படிக்கலாம். படிக்காமலும் இருக்கலாம். அவளிடம் கேட்டால், இத்தனை நாளாக மேப்பில் அவள் வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டிவரும். ஏற்றி முடித்ததும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கிறேன். திரையில் 'சாளை' என்று மட்டும் இருக்கிறது.