தெருத் தண்ணீர் குரூப்

நெசவு ஊரான நகரியில் எங்கள் தெருவின் போர்வெல் தண்ணீர் ஒரு நாள் மஞ்சளாக வரும், இன்னொரு நாள் நீலமாக வரும். எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சித்தி அதற்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினாள். ஒவ்வொரு வீடும் காலையில் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் படம் அனுப்ப வேண்டும். எந்த வீட்டில் என்ன நிறம் என்று அவள் போனிலிருந்த மேப்பில் புள்ளி வைப்பாள். சாயம் எங்கிருந்து கலக்கிறது என்பதைத் தெருவே சேர்ந்து கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினாள்.

வந்ததோ ரோஜாப்பூவும் ஏழுமலையானும் பிறந்தநாள் வாழ்த்தும். ஒருவர் டம்ளரில் ரசத்தை ஊற்றி அனுப்பினார். தெருவே சிரித்து மாய்ந்தது. "தண்ணி போட்டோ மட்டும் போடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று சித்தி தினமும் கெஞ்சுவாள். அதற்கும் கைகூப்பும் பொம்மைகள்தான் வரும். முதலில் கைகூப்புகிறவர் பெரியப்பா. தெருக்கோடியில் நூலுக்குச் சாயம் போடும் கொட்டகை அவருடையது. எங்கள் தறிக்கும் அங்கிருந்துதான் நூல்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அங்கே தொட்டியில் இன்று என்ன நிறமோ, மறுநாள் எங்கள் குழாயிலும் அதே நிறம். இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. ஒரு மாலை பொறுக்க முடியாமல் அம்மாவின் போனை எடுத்து, பேசி அனுப்பிவிட்டேன்.

"சித்தி, பெரியப்பா கொட்டாயில மெரூன் ஓடிக்கினு கீது. நாளைக்கி நம்ப தெருவுல மெரூன்தான். மேப்ல இப்பவே வெச்சிடு."

அடுத்த நிமிடத்திலிருந்து போன் ஓயாமல் அடித்தது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "எவ்ளோ பெரிய வாயிடி உனுக்கு! இனிமே நூலுக்கு யார் வாசல்ல போயி நிக்கறது?" நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து நான் பேசியதைக் கேட்டார். திரும்பிப் போய்த் தறியில் உட்கார்ந்தார்.

மறுநாள் தண்ணீர் மெரூனாகத்தான் வந்தது. ஒரு வீடும் படம் அனுப்பவில்லை. பெரியப்பா குரூப்பைவிட்டு வெளியேறினார், பின்னாலேயே மற்றவர்களும். அந்த வருடம் முழுக்க நைனா புத்தூருக்கு வண்டியை ஓட்டிப்போய் நூல் வாங்கிவந்தார்.

தெருவில் யாருக்கும் தெரியாத ரகசியத்தை நான் போட்டு உடைத்துவிட்டேன், அதனால்தான் எல்லோருக்கும் இவ்வளவு கோபம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.