சிவப்புக்குச் சிவப்பு

தெருவில் அவரை அளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை, இருபத்தாறு வருஷமாக. ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும் என்பது அங்கே பாடம். அந்தப் பாடத்தை அவர் வீட்டுக்கும் சுமந்துகொண்டு வந்துவிட்டார். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஸ்கேலும் பென்சிலும் வர வேண்டும். "இவர் ஆணி அடிச்சு முடிக்கறதுக்குள்ள காலண்டர்ல வருஷமே மாறிடும்" என்பாள் அவர் மனைவி.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்வது. ஒட்டுப்பலகை வாங்கி, அறுத்து, தானே ஒட்டி, தானே கம்பி இழுத்து மூன்று ஜோடி செய்திருந்தார். "மூணும் அதே பாட்டைத்தானே பாடுது?" என்று மனைவி கேட்டபோது இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாலாவதாகச் செய்த ஒற்றைப் பெட்டி கிறுக்குக்காகச் செய்தது இல்லை. அது அக்காவுக்கு.

அக்கா இரண்டு தெரு தள்ளி, தனியாக இருந்தாள். துணி தைப்பவள். அவள் கணவர், இவருக்கு மாமா, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கடைசி வாரத்தில், வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போடத் தெரியாமல் அக்கா தினமும் போனில் கேட்டுக்கொண்டே இருந்ததால், அதை எப்படிப் போடுவது என்று படுக்கையில் படுத்தபடியே நாலு நிமிஷம் பேசி, தன் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். அனுப்புவதற்குள் போய்விட்டார். அக்கா அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் உடைந்துவிடுவேன் என்று முதல் வருஷம் தள்ளிப்போட்டாள். இரண்டாவது வருஷம் நாளைக்கு நாளைக்கு என்று போனது. மூன்றாவது வருஷம் காது போக ஆரம்பித்துவிட்டது.

உள்காதில் நீர் கட்டுகிற வியாதி. தலை சுற்றும், வாந்தி வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேட்கும் திறனை எடுத்துக்கொண்டு போகும். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதின் வரைபடத்தை டாக்டர் அளவுக்காரரிடம் காட்டினார். கனமான ஒலிகள் போயாச்சு, கீச்சென்ற ஒலிகளும் போயாச்சு. நடுவில் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு மிச்சம். "இது இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?" "மூணு வாரமா இருக்கலாம், மூணு மாசமா இருக்கலாம். கேக்க வேண்டியதெல்லாம் இப்பவே கேட்டுடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "அந்த மோட்டார் விஷயத்தைப் போடுடா. கேட்டுடறேன்."

போனில் போட்டார்கள். பதிவு சன்னமாக இருந்தது. சத்தத்தை ஏற்றினால் போன் கரகரத்தது. அவளுக்கு ஈ பறக்கிற மாதிரிகூட விழவில்லை. காதில் எதையாவது வைத்து அழுத்தினால் அறையே சுற்றியது. மாமா என்ன சொல்லியிருக்கிறார் என்று எழுதிக் காட்டட்டுமா என்று இவர் சைகையில் கேட்டார். "வார்த்தையை நீ எழுதிடுவே. குரலை யாருடா எழுதுறது?" என்றாள்.

அப்போதுதான் அவர் அந்தப் புத்தகத்தை எடுத்தார். வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறவர்களுக்கான தடித்த புத்தகம், பாதி கணக்கு, பாதி படம். அதுவரை அவர் பெட்டி செய்தது கைப்பழக்கத்தில். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் தெரிந்துகொண்டு செய்வதென்று ஒற்றைக்காலில் நின்றார். கடை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போவார். அவளோ மெஷினில் நூல் அறுந்தது தெரியாமல் வெறும் துணியைத் தள்ளிக்கொண்டிருப்பாள். இவர் ஒரு நோட்டில் அன்றைய சொல்லை எழுதிக் காட்டுவார். எழுதினால்தான் தனக்கே புரியும் என்பது ஒரு காரணம், அவளைச் சும்மா உட்கார விடக்கூடாது என்பது இன்னொன்று.

சென்சிடிவிடி என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்கிற கணக்கு. அக்கா படித்துவிட்டு, "சின்ன வயசுல உனக்கு அது ரொம்ப அதிகம்டா. ஒரு கிள்ளு கிள்ளினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்" என்றாள். கியூ என்றால், தட்டிவிட்டால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது. எண் பெரிதாக இருந்தால் அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அதை வீட்டில் சொன்னபோது மனைவி, "அப்ப உங்க கியூ ரொம்பப் பெரிசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கிராஸ்ஓவர் என்பது பங்கு பிரிப்பது. கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்கும், மெல்லிய ஒலியைச் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் அனுப்புகிற மின்சுற்று. எந்த இடத்தில் பிரிப்பது என்பது செய்கிறவர் முடிவு.

அவர் இரண்டாயிரத்தில் பிரித்தார். அக்காவுக்கு மிச்சமிருக்கிற மேட்டில், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து கைகொடுத்துத் தூக்கட்டும் என்று. யோசித்துப் பார்த்தால் நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்த காரியம் என்பதுதான் பிறகு அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

அந்தப் புத்தகத்தில் இரண்டு அச்சுப்பிழைகளைக் கண்டுபிடித்திருந்தார். ஓர் இடத்தில் புள்ளி தள்ளிப்போய்ப் பெட்டியின் கொள்ளளவு பத்து மடங்காகியிருந்தது. இன்னோர் இடத்தில் மின்தடையைச் சொல்கிற ஓம்ஸ் கணக்கு தப்பு. இரண்டையும் சிவப்புப் பேனாவால் திருத்தி மனைவியிடம் காட்டினார். பெருமை தாங்கவில்லை. மூன்றாவதாக, கம்பி இணைப்புப் படத்தைப் பார்த்தார். வூஃபருக்குச் சிவப்புக் கம்பி பிளஸ்ஸில் போயிருந்தது. ட்வீட்டருக்கோ சிவப்புக் கம்பி மைனஸில் போயிருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷர் இதை விடுவாரா? "இவனுங்க புத்தகம் போட்ட லட்சணம்" என்று சொல்லி, அதையும் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தினார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அந்தப் பேனாவை யாராவது அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்கக் கூடாதா!

பெட்டி முடிந்தது. ஆம்ப்ளிஃபயரையும் அதற்குள்ளேயே வைத்து, மாமாவின் பதிவையும் அதில் ஏற்றியிருந்தார். மேஜைமேல் வைத்து, நின்றபடி பாட்டுப் போட்டுப் பார்த்தார். நன்றாகவே பாடியது.

ஒரு சனிக்கிழமை காலை, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார். அக்கா தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கிறவரின் காது ட்வீட்டருக்கு நேராக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. டேப் வைத்து அளந்தார். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு அவளை உட்காரவைத்து, வலது காது பெட்டிக்கு நேராக, கொஞ்சமும் ஏறாமல் இறங்காமல் இருக்கும்படி செய்தார். பிறகு போட்டார்.

மாமா பேச ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் குழிவாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிப் பதிவுதானே என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிஷம் ஆனது. "போட்டுட்டியா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார். சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நெஞ்சுல திம்திம்னு என்னவோ இடிக்குது. குரல் வரல" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாலு நிமிஷமும் மூடியே இருந்தாள். முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பில்லடா. காது முடிஞ்சுபோச்சு. நான்தான் மூணு வருஷம் வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். பார்த்தால் மனசு கேட்காதாம்.

எட்டு நாள் அது அவர் வீட்டு ஹாலில் ஒரு ஸ்டூலின்மேல் கிடந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் பொருத்திக் கொடுத்துத் திட்டு வாங்கினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி கேட்டாள்: "மாமா பேசறதை ஒரு தரம் போடுங்களேன். நானும் கேட்டதில்ல." போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவள் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டபடியே துணி மடித்தாள். மடித்ததை அலமாரியில் வைக்க எழுந்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"ஏங்க, இது என்ன கூத்து? உட்கார்ந்தா மாமா கிணத்துக்குள்ள இருந்து பேசறார். எழுந்தா பக்கத்துல நின்னு பேசறார்."

அவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பெட்டியைத் திறந்தார், புத்தகத்தைத் திறந்தார். அவருடைய சிவப்புப் பேனாத் திருத்தம் அழகாக இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். காரணம் அங்கே எழுதியிருந்தது. இந்த வகைச் சுற்று, பிரிக்கிற இடத்தில் ஒரு ஸ்பீக்கரின் அசைவை மற்றதற்கு எதிராகத் திருப்பிவிடும். ஆகவே ட்வீட்டரின் கம்பிகளை வேண்டுமென்றே மாற்றிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தள்ளுகிற கதை. கதவு அசையாது. பிரிக்கிற இடத்தில், நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு, ஒலி இருக்காது. மேலேயோ கீழேயோ நகர்ந்தால் திரும்ப வந்துவிடும்.

பிரித்த இடம் இரண்டாயிரம். அக்காவுக்கு மிச்சமிருந்த ஒரே இடம். தலையணை போட்டு, டேப் வைத்து அளந்து, அந்தப் பள்ளத்தின் நடுவிலேயே அவளை உட்காரவைத்திருக்கிறார். அவர் கொஞ்சம் அசிரத்தையான ஆளாக இருந்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டு கம்பிகளைக் கழற்றி மாற்ற மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினார், செருப்புக்கூட இல்லாமல்.

அக்கா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டியை வைத்தார், அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார், போட்டார். மாமாவின் குரல் அறை நடுவில் நின்று பேசியது. அவ்வளவு தெளிவு. அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்டா" என்றாள். "வெள்ளிக்கிழமை காலையில எழுந்தேன். சுத்தமா போயிடுச்சு. இந்தக் காதும் சேர்ந்து. உன்கிட்ட சொன்னா நீ அழுவேன்னு சொல்லல."

வெள்ளிக்கிழமை. அப்படியானால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஆறு நாள் காது இருந்திருக்கிறது. ஆறு நாள்!

"உன் மேல தப்பில்லன்னு எத்தனை தரம் சொல்றது? அன்னைக்கே முடிஞ்ச காதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்று அவள் அவர் முதுகைத் தடவினாள். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் அப்படியே நம்பிக்கொண்டு இருந்திருப்பாள், யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் கை முதுகில் இருக்க இருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினார். கம்பியைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பெட்டிதான் தப்பு.

அக்கா அதைப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். கை அவர் முதுகிலிருந்து விலகியது.

"அப்ப அன்னைக்கு என் காது நல்லாத்தான் இருந்துதா?"

அவர் தலையாட்டினார்.

அவள் அழவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. "நீ வீட்டுக்குப் போ" என்றாள். பெட்டியைத் தூக்கப் போனார். "அது இருக்கட்டும். எந்தப் பொத்தான்னு காட்டிட்டுப் போ" என்றாள்.

காட்டிவிட்டு வெளியே வந்தார். நாலு வீடு தாண்டியிருப்பார், பின்னால் மாமா பேச ஆரம்பித்தார். அக்காவுக்குச் சத்தம் எவ்வளவு என்று தெரியாதே, சத்தம் ஏற்றுகிற குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பியிருக்கிறாள். அவர் செய்ததிலேயே நல்ல பெட்டி அதுதான். ஒரு சொல்லும் சிதறவில்லை. "மொதல்ல மேல இருக்கற வால்வைத் திற. மறந்துடுவே, எனக்குத் தெரியும். திறந்துட்டு ஸ்விட்சைப் போடு. தண்ணி ஏற ஆரம்பிச்சதும் சத்தம் மாறும், நின்னு கேளு. அவசரப்படாதே, நின்னு கேளு..." அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியாக அக்காவின் முதுகு தெரிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின்மேல் விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

நாலு நிமிஷம் முடிந்தது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "யாருங்க அது? மோட்டார் போடறதுக்கு யாருக்கு இப்படித் தெருவே கேக்கற மாதிரி பாடம் நடக்குது?"

"எங்கக்காவுக்குங்க" என்றார் அளவுக்காரர்.